மரச்சாமானில் உங்கள் பெயர்: எதால் போடலாம், எங்கே போடலாம்?

போன ஆடியில் எங்கள் மதுரைப் பட்டறைக்கு ஒரு கணக்குப்பெட்டி பழுதுக்கு வந்தது. சாய்வான மூடி, உள்ளே சில்லறைக்கு ஐந்து குழி, ஓரத்தில் ஒரு சின்ன இழுப்பறை. அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. மற்றபடி தேக்கு கல் மாதிரி இருந்தது. இழுப்பறையை உருவித் திருப்பினேன். அதன் பின்பலகையில் பென்சில் எழுத்து: ‘விக்ருதி வரு. மாசி’. பக்கத்தில் ஒரு பெயர். முன்பாதி அழிந்துபோய் ‘ஆசாரி’ என்பது மட்டும் தெரிந்தது.

“எங்க தாத்தா கடையில இருந்தது தம்பி. யார் செஞ்சாங்கன்னு எங்க யாருக்கும் தெரியாது” என்றார் பெட்டியைக் கொண்டுவந்த அம்மா. விக்ருதி என்ற தமிழ் வருடம் 60 வருடத்துக்கு ஒருமுறை வரும். அப்படியானால் அது 1891 மாசியா, 1951 மாசியா? கீலையும் பூட்டையும் இடையில் யாரோ மாற்றியிருந்தார்கள், அதனால் அவற்றை வைத்தும் காலம் சொல்ல முடியவில்லை. இவ்வளவு நறுவிசாக மூலை சேர்த்த ஒரு மனிதர், தன் பெயரை எழுதியும்கூட, நம் கைக்கு வந்து சேரவில்லை. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பட்டறைக்கு வருகிற இளம் தச்சர்களும், வார இறுதியில் வீட்டு மாடியில் மரவேலை செய்கிற நண்பர்களும் அடிக்கடி ஒன்று கேட்கிறார்கள்: “அண்ணே, செய்யறதுல பெயர் போடணும். சூட்டு முத்திரை வாங்கட்டுமா, லேசர் கொடுக்கட்டுமா, பித்தளைத் தகடு அடிக்கட்டுமா?” ஒவ்வொன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் கெடுத்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் போடுவது விளம்பரத்துக்கு மட்டும் இல்லை. 50 வருடம் கழித்து அந்தச் சாமானைப் பிரிக்கப்போகிற இன்னொரு தச்சருக்கு நாம் விட்டுப்போகிற முகவரி அது. அந்த ஆளுக்கு அது படிக்கக் கிடைக்குமா என்பதை வைத்துத்தான் நான் ஒவ்வொரு வழியையும் எடை போடுகிறேன்.

## முதலில் அளவுகோல்

மறு பாலிஷைத் தாங்குமா? நம் ஊரில் மரச்சாமானின் பெயரை அழிப்பது பெரும்பாலும் கரையானோ மழையோ இல்லை, உப்புத்தாள்தான். கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று 10, 15 வருடத்துக்கு ஒருமுறை சாமான்கள் மறு பாலிஷுக்குப் போகும். பாலிஷ்காரர் மேல்பரப்பை எல்லாம் தேய்த்துவிடுவார். அது அவர் வேலை.

என்னென்ன சொல்லும்? பெயர் மட்டும் போதாது. ஆண்டு, ஊர், முடிந்தால் மரம். என் பெயர் இருக்கிற ஆட்கள் மதுரையில் மட்டும் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

எந்த மரத்தில் எடுபடும்? வேம்பில் பளிச்சென்று தெரிகிற குறி கருத்த ஈட்டி மரத்தில் தெரியவே தெரியாது.

செலவு. தொடக்கச் செலவு ஒன்று. ஒவ்வொரு உருப்படிக்கும் ஆகிற நேரம் இன்னொன்று. தப்பினால் ஆகிற சேதம் மூன்றாவது. மூன்றாவதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிடுங்க முடியுமா, போலி செய்ய முடியுமா? கொஞ்சம் பெயர் வந்த பிறகுதான் இந்தக் கேள்வி வரும். ஆனாலும் முதலிலேயே யோசிப்பது நல்லது.

| வழி | மறு பாலிஷில் | எவ்வளவு எழுதலாம் | தொடக்கச் செலவு | மறைந்திருக்கும் செலவு | எதற்கு ஏற்றது |
|---|---|---|---|---|---|
| பென்சில் கையெழுத்து | உள்பக்கத்தில் நிற்கும் | வேண்டிய அளவு | இல்லை | இடம் தவறினால் அழியும் | எல்லாவற்றுக்கும் |
| சூட்டு முத்திரை | ஆழமாக இருந்தால் நிற்கும் | பெயர், ஊர் | நடுத்தரம் | ஒரு தப்பில் பலகை போகும் | வெளிர் மரம், சமையலறைச் சாமான் |
| எழுத்துப் பஞ்ச் (சுத்தியலால் அடித்துப் பதிக்கும் இரும்பு அச்சு) | நன்றாக நிற்கும் | கொஞ்சம் | குறைவு | கோணல் வரி, தமிழ் எழுத்து கிடைக்காது | கடின மரம், ஆண்டு, எண் |
| பித்தளைத் தகடு | முதலில் கழற்றுவது இதைத்தான் | நிறைய | குறைவு | தொலையும், இடம் மாறும் | பரிசு, கோயில் கைங்கரியம் |
| லேசர் | ஆழத்தைப் பொறுத்தது | நிறைய | உருப்படிக்கு உருப்படி | தூக்கிக்கொண்டு போகவேண்டும் | சின்னச் சாமான், ஒரே மாதிரி பல |
| காகித லேபிள் | நிற்காது | நிறைய | மிகக் குறைவு | பூச்சி, பசை, போலி | பெட்டிக்குள், வாத்தியத்துக்குள் |
| உளியில் செதுக்கல் | நிற்கும் | ஒரு குறி | இல்லை | ஒவ்வொன்றுக்கும் நேரம் | கை தேர்ந்தவர்களுக்கு |

## பென்சில் கையெழுத்து

இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். “பென்சிலா?” என்று கேட்பார்கள். ஆனால் பென்சிலின் கரி வெயிலில் வெளுக்காது, காலத்தில் மங்காது, ஸ்பிரிட்டில் கரையாது. அந்தக் கணக்குப்பெட்டியில் 70 வருடமோ 130 வருடமோ தாங்கி நின்றது பென்சில்தான். அழிந்த பாதியும் இழுப்பறை உள்ளே போய் வந்து உரசியதால்தான் அழிந்தது. ஒரு விரல் அளவு மேலே எழுதியிருந்தால் முழுப் பெயரும் இருந்திருக்கும்.

மார்க்கர் பேனாவைத் தொடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு சாய்வு நாற்காலியின் கைப்பலகைக்கு அடியில் அழியாத மை என்று போட்டிருந்த மார்க்கரால் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அரக்கு பாலிஷ். அரக்கு கரைந்திருப்பது ஸ்பிரிட்டில், மார்க்கர் மை கரைவதும் அதே ஸ்பிரிட்டில்தான். பஞ்சு உருண்டையை ஓட்டினேன், என் பெயர் பஞ்சோடு சேர்ந்து நாலு அங்குலத்துக்கு ஊதாக் கோடாக இழுபட்டது. மரத்தின் கண்களுக்குள் மை இறங்கிவிட்டது. பலகையைச் சுரண்டி, மறுபடி தேய்த்து, மறுபடி பாலிஷ் போட அரை நாள் ஆனது. அரக்கு பூசாத சாமானிலும் மார்க்கர் மை வருடக்கணக்கில் வெளுக்கும். பால்பாயின்ட் பேனாவும் அப்படித்தான்.

எழுதும்போது அழுத்தி எழுதுங்கள். கரி தேய்ந்தாலும் பள்ளம் தங்கும், சாய்த்து வெளிச்சம் காட்டினால் படிக்கலாம். எழுதியதன்மேல் மெல்லிசாக ஒரு கை அரக்கு கொடுத்துவிடுங்கள். ஆண்டை இரண்டு விதமாகவும் எழுதுங்கள். தமிழ் ஆண்டின் பெயர் அழகுதான், நானும் எழுதுகிறேன். ஆனால் பக்கத்தில் நாலு இலக்க ஆண்டு இல்லாவிட்டால் அது 60 வருடத்துக்கு ஒரு புதிர்.

## சூட்டு முத்திரை

எல்லோருக்கும் முதலில் ஆசை வருவது இதன்மேல்தான். மரத்தில் புகை எழுந்து, கருப்பாகப் பெயர் பதிந்து, அந்த வாசனை பட்டறையில் நிற்கும்போது வேலை முடிந்தது என்ற நிறைவு வரும். அந்த நிறைவு எனக்கும் பிடிக்கும்.

பித்தளையில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வெட்டி அச்சு செய்து தருவார்கள். பெரிய சால்டரிங் அயர்னின் நுனியில் முறுக்கிக்கொள்ளலாம், அல்லது கேஸ் அடுப்பில் காய்ச்சும் கைப்பிடி அச்சாக வாங்கலாம். மின்சாரத்தில் சூடேறுவது ஒரே சீராக இருக்கும். அடுப்பில் காய்ச்சினால் ஒவ்வொரு தடவையும் சூடு ஒரு விதம். என் அச்சுக்கு 3,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது. இதுவரை 400 உருப்படிக்கு மேல் சுட்டுவிட்டேன். அப்படிப் பார்த்தால் ஒன்றுக்கு 7 ரூபாய் தான்.

ஆனால் தமிழில் பெயர் போட நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். க, த, ண, ழ எல்லாமே உள்ளே மூடிய கண் உள்ளவை. சின்ன அளவில் அச்சு செய்தால், சூட்டில் அந்தக் கண்கள் அடைத்துக்கொண்டு கரும்புள்ளி ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் பதியவே பதியாது. என் முதல் அச்சில் எழுத்து 4 மி.மீ. உயரம்; ஒரு எழுத்தும் தெளிவாக விழவில்லை. இப்போது வைத்திருப்பது 8 மி.மீ., புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவும் தள்ளியும் வைக்கச் சொன்னேன். அச்சு வெட்டுகிறவர் “ஏன் சார், இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து போட்டுக்கலாமே” என்றார். வேண்டாம் என்றேன். என் வேலையை என் எழுத்தில்தான் போடுவேன்.

சுடும் முறை இதுதான். பலகையை இழைத்து, உப்புத்தாள் போட்டு முடித்த பிறகு, பாலிஷுக்கு முன்னால் சுடவேண்டும். மெலமைனோ பி.யு.வோ (பாலியூரித்தேன்) பூசிய பிறகு சுட்டால் பூச்சு கொப்பளிக்கும், அந்தப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது. அதே மரத்தின் வெட்டுத் துண்டில் இரண்டு, மூன்று தடவை சுட்டுப் பாருங்கள். அச்சை நேராக வைத்து, நாலு பக்கமும் மெல்லச் சாய்த்து அழுத்தி, மனதுக்குள் நாலு எண்ணி எடுங்கள். எண்ணிக்கை மரத்துக்கு மரம் மாறும். மாமரமும் வேம்பும் சீக்கிரம் பிடிக்கும். ஈரம் உள்ள மரத்தில் ஆவி எழும்பி எழுத்து மங்கும். தேக்கில் ஒரு சிக்கல் உண்டு. அதன் வளையங்களில் ஒரு பகுதி துளை நிறைந்தது, அடுத்த பகுதி இறுக்கமானது. துளைப்பகுதி சட்டென்று கருகும், மற்றது கருகாது. அதனால் ‘மதுரை’ என்று சுட்டால் ‘ம’ ஆழமாகவும் ‘து’ வெளிறியும் வரும். கோடுகள் நெருக்கமாக, நேராக ஓடுகிற இடமாகப் பார்த்துச் சுடவேண்டும். ஈட்டியிலும் கருங்காலியிலும் கருப்பின்மேல் கருப்பு, வீண் வேலை.

சமையலறைச் சாமான்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அகப்பை, சப்பாத்திக் கட்டை, பருப்பு மத்து இவற்றில் மை போடக்கூடாது, தகடு போட முடியாது. சுட்ட எழுத்தில் இருப்பது கரி மட்டும்தான். எத்தனை தடவை கழுவினாலும் நிற்கும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, தப்பினால் திருத்த வழியில்லை. முடிந்துபோன மேசையில் கடைசி வேலையாகச் சுடும்போது கை நழுவினால் மேசையே போச்சு. அதனால் ஒன்றுசேர்ப்பதற்கு முன்பே, தனிப்பலகையாக இருக்கும்போதே சுட்டுவிடுங்கள். இரண்டு, அச்சில் ஆண்டு இருக்காது. வருடத்துக்கு ஒரு அச்சு செய்ய யாருக்கும் கட்டாது. அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் 1900களின் தொடக்கத்தில் மரச்சாமான் செய்த சார்லஸ் ரோல்ஃப்ஸ், வில் ரம்பம் ஒன்றின் சட்டத்துக்குள் தன் பெயரின் முதல் எழுத்தை வைத்து அதையே குறியாக்கிக்கொண்டார். பல சாமான்களில் அதன் கீழே ஆண்டையும் சேர்த்தார். ஆண்டு இருப்பதால்தான் அவருடைய நாற்காலிகளை இன்றைக்கு வரிசைப்படுத்த முடிகிறது. நாமும் முத்திரைக்குக் கீழே எண் பஞ்சால் ஆண்டைத் தட்டிவிடலாம்.

## எழுத்துப் பஞ்ச்

லேத் பட்டறைகளில் இரும்பில் எண் அடிப்பதற்கு வைத்திருக்கும் அதே பஞ்ச் செட்தான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். எண் செட்டில் ஒன்பது துண்டு இருக்கும், 6-ஐத் திருப்பிப் பிடித்தால் 9. ஆங்கில எழுத்துச் செட் தனியாகக் கிடைக்கும். தமிழ் எழுத்துப் பஞ்ச் கடையில் கிடைக்காது, தனியாக வெட்டச் சொல்லவேண்டும், அது செலவு.

தேக்கு, வேங்கை, ஈட்டி போன்ற இறுக்கமான மரத்தில் பஞ்ச் கூர்மையாக விழும். மரத்தின் தலைப்பில், அதாவது குறுக்கு வெட்டில் அடித்தால் இன்னும் நன்றாக நிற்கும். இது வனத்துறைக்கும் பழைய மரக் கம்பெனிகளுக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம். பர்மாவில் வெட்டிய தேக்குக் கட்டைகளின் முனையில் சுத்தியல் முத்திரை அடித்துத்தான் ஆற்றில் விட்டார்கள். மாதக்கணக்கில் தண்ணீரில் மிதந்து, ரங்கூன் கரையில் ஏறும்போது யாருடைய கட்டை என்று அந்த முத்திரைதான் சொன்னது. லேசான மரத்தில் கதை வேறு. மாவிலோ பைனிலோ அடித்தால் நார் நசுங்கித்தான் பள்ளம் விழும். தண்ணீர் பட்டால் அந்த நார் உப்பி எழுத்து மூடிக்கொள்ளும். அதனால் அகப்பைக்குப் பஞ்ச் வேண்டாம்.

எழுத்து எழுத்தாக அடிப்பதால் வரி கோணலாகும். ஒரு இரும்பு அடிக்கோலை கிளாம்ப் போட்டு, பஞ்சின் அடிப்பக்கத்தை அதில் ஒட்டி வைத்து அடியுங்கள். ஒரே அடி. இரண்டாவது அடி போட்டால் எழுத்து இரட்டை தெரியும்.

பாரிஸில் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, தச்சர் சங்கத்தைச் சேர்ந்த ஒவ்வொரு பட்டறைத் தலைவரும் தன் பெயர் வெட்டிய இரும்பு அச்சால் சாமானில் முத்திரை அடித்தே ஆகவேண்டும் என்று விதி இருந்தது. சங்கத்துப் பெரியவர்கள் வந்து பார்த்துத் தரம் சரி என்றால், பக்கத்தில் ‘ஜே.எம்.இ.’ என்ற சங்க முத்திரையும் விழும். 1791 இல் சங்கங்களே கலைக்கப்படும் வரை இது நடந்தது. அடித்த இடத்தைப் பாருங்கள்: இழுப்பறை மேசையின் பளிங்குப் பலகைக்குக் கீழே, நாற்காலிச் சட்டத்தின் அடியில். கண்ணுக்குத் தெரியாத, பாலிஷ் படாத இடம். 250 வருடம் கழித்தும் படிக்க முடிகிறது. ஆனால் பழுதுபார்த்தவர்களும் அதே சாமானில் தங்கள் முத்திரையை அடித்திருக்கிறார்கள், பின்னாளில் வியாபாரிகள் போலி முத்திரையும் அடித்தார்கள். பெயர் மட்டும் இருந்தால் ‘செய்தவரா, சரிசெய்தவரா’ என்ற குழப்பம் வரும். ‘செய்தது’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்தக் குழப்பம் தீரும்.

## பித்தளைத் தகடு

நம் ஊருக்கு இது பழகிய வழி. எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டித் தருகிற பாத்திரக்கடைக்காரரிடம் ஒரு பித்தளைத் துண்டைக் கொடுத்தால், டிர்ர்ரென்று ஐந்து நிமிடத்தில் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் தமிழில் வெட்டித் தந்துவிடுவார். அவருக்குச் சுழி ஒரு பிரச்சினையே இல்லை, வாழ்நாள் முழுக்கத் தமிழ்ப் பெயர்தான் வெட்டுகிறார். அந்தக் கையெழுத்தின் அழகுக்காகவே நான் இதைச் சில சமயம் செய்வதுண்டு.

தகட்டை மரத்தின் மேலே வைத்து ஆணி அடிக்காதீர்கள். மூலை துணியைப் பிடித்து இழுக்கும், குழந்தை கையைக் கிழிக்கும். தகட்டின் கனத்துக்குக் குழி வெட்டி, மட்டமாகப் பதித்து, பித்தளைத் திருகாணி போடுங்கள். இரும்புத் திருகாணி ஈரத்தில் மரத்தைக் கருக்கும்.

இதன் பலவீனம் எல்லோருக்கும் தெரியும்: இரண்டு திருகாணியைக் கழற்றினால் தகடு வந்துவிடும். பாலிஷ்காரர் கழற்றி ஜன்னல் ஓரம் வைப்பார், பிறகு அது எங்கே என்று யாருக்கும் தெரியாது. வேறு சாமானில் கொண்டுபோய்ப் பூட்டினாலும் கேட்க ஆள் இல்லை. இன்னொன்று, நம் வீடுகளில் பித்தளை என்றாலே புளி போட்டுத் தேய்ப்பார்கள். தகட்டைச் சுற்றிலும் பாலிஷ் வெளுத்து, வெட்டிய எழுத்தும் நாளடைவில் மழுங்கும். அதனால் தகடு போட்டாலும், தகட்டுக்கு அடியில் உள்ள குழியிலேயே பென்சிலால் அதே விவரத்தை எழுதிவிடுகிறேன்.

தகட்டில் தொலைபேசி எண் வேண்டாம். பழைய பீரோக்களில் ஆறு இலக்க எண்ணோடு தகடு பார்த்திருக்கிறேன். சுற்றினால் யாரும் எடுக்கப் போவதில்லை.

## லேசர்

கல்யாணத் தாம்பூலப் பைக்குள் வைக்கிற மரச் சாவிக்கொத்து செய்கிற கடைகளில் லேசர் மெஷின் இருக்கும். கம்ப்யூட்டரில் எந்த எழுத்து வடிவமும், எந்தக் கோலமும் கொடுக்கலாம். தமிழ்ச் சுழி 3 மி.மீ. அளவில்கூடச் சுத்தமாக வரும். ஒரே மாதிரி 50 பேனா ஸ்டாண்டு, 100 அஞ்சறைப் பெட்டி மூடி என்றால் இதுதான் மலிவு, இதுதான் வேகம்.

பெரிய சாமானுக்கு ஒத்துவராது. கட்டிலையும் ஊஞ்சல் பலகையையும் மெஷினுக்குள் வைக்க முடியாது, ஆட்டோவில் ஏற்றிப் போய் வரும் வாடகை லேசர் கூலியைவிட அதிகம். அப்படி ஆசை இருந்தால் உள்ளங்கை அளவு மரத்துண்டில் லேசர் போட்டு வாங்கி, அதைக் குழி வெட்டிப் பதித்துவிடுங்கள். மரத்தின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு லேசர் ஓட்டச் சொன்னால் ஓரத்தில் புகைக்கறை படியாது. ஆழம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். மேலோட்டமாகச் சுட்டது ஒரு தடவை உப்புத்தாள் போட்டாலே போய்விடும்.

சிலர் கியூஆர் கட்டம் போடச் சொல்கிறார்கள். அதன் பின்னால் இருக்கிற இணைய முகவரிக்கு வருடா வருடம் பணம் கட்டவேண்டும். மரம் 100 வருடம் இருக்கும், அந்த முகவரி 10 வருடம் இருந்தால் பெரிது. பெயரை எழுத்தாகவே போடுங்கள்.

## காகித லேபிள்

வெளியே ஒட்டுகிற ஸ்டிக்கரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வாங்கியவர் முதல் வேலையாக உரிப்பார், பசைக்கறை மிஞ்சும். மூடிய பெட்டிக்குள்ளும் வாத்தியத்துக்குள்ளும் லேபிளுக்கு ஒரு இடம் உண்டு, அங்கே உப்புத்தாள் போகாது. மைதாப் பசை வேண்டாம், ராமபாணப் பூச்சி பசைக்காகவே காகிதத்தைத் தின்னும்.

லேபிளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு வயலினைப் பார்க்கவேண்டும். இத்தாலியின் கிரெமோனாவில் ஸ்ட்ராடிவாரி தன் வயலின்களுக்குள் பெயரும் ஆண்டும் உள்ள லேபிள் ஒட்டினார். 19ஆம் நூற்றாண்டில் பட்டறை பட்டறையாகச் செய்த மலிவு வயலின்களுக்குள்ளும் அதே வாசகத்தை அச்சடித்து ஒட்டினார்கள். இன்றைக்கு ஸ்ட்ராடிவாரி லேபிள் உள்ள வயலின்களில் மிகப் பெரும்பாலானவை அவர் கை படாதவை. அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று சொன்ன பிறகு, லேபிளில் நாட்டின் பெயரும் சேர்ந்தது. அதை வைத்துத்தான் பலருக்கு உண்மை தெரியவருகிறது.

## உளியில் செதுக்கும் குறி

கை ஓடுகிறவர்களுக்கு இதற்கு ஈடு கிடையாது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கில்பர்ன் என்ற சின்ன ஊரில் ராபர்ட் தாம்சன் என்று ஒருவர் இருந்தார் (1876–1955). ஓக் மரத்தில் செய்த ஒவ்வொரு சாமானிலும் ஒரு சின்ன எலியைச் செதுக்குவார், நாற்காலிக் காலில் ஏறுகிற மாதிரி, மேசை ஓரத்தில் ஓடுகிற மாதிரி. ‘எலிக்காரர்’ என்றே பெயர் வந்துவிட்டது. தொடக்கத்தில் எலிக்கு முன்னங்கால் இருந்தது, பின்னால் அதை விட்டுவிட்டார்கள். அதனால் முன்னங்கால் இருந்தால் பழையது என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. அவரிடம் வேலை பார்த்துப் பிரிந்து போனவர்கள் அணில் என்றும் வேறு பிராணிகள் என்றும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டறை இன்றும் எலியோடு நடக்கிறது.

எலி தனி மரத்தில் செய்து ஒட்டியது இல்லை, சாமானின் அதே மரத்தில் எழுந்தது. அதனால் எடுத்துப் பூட்ட முடியாது, தேய்த்தாலும் போகாது. ஆனால் அந்த இடத்தில் மரத்தை முதலிலேயே கனமாக விடவேண்டும். ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரமாவது போகும், அதற்கும் கூலி வைக்கவேண்டும். இவ்வளவு வேண்டாம் என்றால் ஒரு வெட்டுக் குறி போதும்: இரண்டு உளி வெட்டில் வருகிற மாவிலை, ஒரு பிறை. தச்சர்கள் மூட்டு மாறாமல் இருக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று உளியால் கீறி வைக்கிற பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதே கை, இன்னும் ஒரு கீறல்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு தச்சனின் பெயரைக் கல்லில் வெட்டலாம் என்று தோன்றியிருக்கிறது. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020 இலும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021 இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. மிக நல்ல விஷயம். ஆனால் அந்தக் குறியீடு எந்த ஊர் என்று சொல்லும், யார் கை என்று சொல்லாது. அந்தச் சிற்பங்களின் பீடத்துக்கு அடியில் செய்தவர் பெயரும் இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

## யாருக்கு எது?

வருடத்துக்குப் பத்துப் பொருள் செய்கிற பொழுதுபோக்குக்காரருக்கு, பென்சிலும் ஒரு எண் பஞ்ச் செட்டும் போதும். மிச்சக் காசுக்கு நல்ல உளி வாங்குங்கள். சமையலறைச் சாமான் விற்கிறவர் சூட்டு முத்திரைக்குச் செலவு செய்யலாம், தயங்கவேண்டாம். ஒரே மாதிரிப் பரிசுப் பொருள் நூற்றுக்கணக்கில் செய்தால் லேசர். கோயிலுக்கு வாகனமோ பல்லக்கோ செய்து கொடுத்தால் தகடு, அங்கே உபயதாரர் பெயரும் வேண்டுமே. அந்தத் தகட்டில் செய்த தச்சர் பெயருக்கும் ஒரு வரி கேட்டு வாங்குங்கள், தருவார்கள். கட்டில், பீரோ, ஊஞ்சல் செய்கிற முழுநேரப் பட்டறைக்கு என் சிபாரிசு, உள்பக்கத்தில் சூட்டு முத்திரை, கீழே பஞ்சால் ஆண்டு, பக்கத்தில் பென்சிலில் மரமும் ஊரும்.

## எங்கே போடுவது?

கருவியைவிட இடம் முக்கியம். நாற்காலி, மேசைக் காலின் அடிப்பாதத்தில் போடாதீர்கள். வீடு துடைக்கிற தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான், 20 வருடத்தில் அந்த இடம் இற்றுப்போகும். கரையான் ஏறுவதும் அங்கிருந்துதான். பீரோவின் முதுகுப் பலகையும் வேண்டாம், மெல்லிசாக இருப்பதால் முதலில் மாற்றுவது அதைத்தான். இழுப்பறையில் என்றால் பின்பலகையின் வெளிப்புறம், மேல் ஓரத்தை ஒட்டி. கதவு என்றால் கீல் இருக்கிற பக்கத்து ஓரக்கனம். நாற்காலி என்றால் பின்சட்டத்தின் உள்முகம். கட்டில் என்றால் தலைமாட்டுப் பலகை சட்டத்தோடு சேருகிற இடத்தின் உள்புறம். பிரிக்காமல் தெரியாது, பிரிக்கிறவன் பார்க்காமல் போகமாட்டான்.

“வெளியே எதுவும் தெரியக்கூடாது” என்று சில வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். அது அவர்கள் உரிமை. உள்ளே எழுதிக்கொள்ளட்டுமா என்று கேளுங்கள். இதுவரை ஒருவரும் என்னிடம் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டால் முகம் மலர்ந்துவிடும்.

அப்படி எழுதுவதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. மரவேலைக் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா 1930களின் பிற்பாதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் கோல்கொண்டா விடுதி கட்டிடத்தில் வேலை செய்தவர். அங்கே அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர். அந்த விடுதியின் தேக்கு மரச்சாமான்களும் அவர் வடிவமைத்தவை. பிறகு அமெரிக்காவில் நியூ ஹோப் என்ற ஊரில் பட்டறை வைத்து உலகப்புகழ் பெற்றார். அவருடைய பழைய மேசைகள் பலவற்றின் அடியில் அவர் கையெழுத்து இருக்காது, வாங்கியவர் பெயர்தான் மையில் எழுதியிருக்கும். எந்த மேசை யாருக்கு என்று மாறாமல் இருக்க எழுதியது. ஆனால் பட்டறையில் ஆர்டர் சீட்டும் வரைபடமும் பத்திரமாக இருந்தன. அந்தப் பெயரைச் சீட்டோடு ஒத்துப்பார்த்து, இது அவர் செய்தது என்று இன்றும் உறுதி செய்கிறார்கள்.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். எண், தேதி, என்ன சாமான், என்ன மரம், யாருக்கு. அதே எண்ணை மரத்தில் பஞ்சால் அடியுங்கள். அமெரிக்காவின் சாம் மலூஃப் தன் நாற்காலிகளில் கையெழுத்தோடு ஆண்டையும் அந்த ஆண்டின் வரிசை எண்ணையும் சேர்த்தே பொறித்தார். என் நோட்டில் இப்போது 612 வரை வந்திருக்கிறது. முதல் 150 உருப்படிக்கு நோட்டு இல்லை. அவை எங்கே இருக்கின்றன என்று எனக்கே தெரியாது, அந்த வருத்தம் எனக்கு உண்டு.

அந்தக் கணக்குப்பெட்டிக்கு வேறு தேக்கில் அடிப்பலகை போட்டோம். பழைய எழுத்தை முதலில் போட்டோ எடுத்தேன். பஞ்சு உருண்டையால் தேய்த்தால் மிச்சக் கரியும் போய்விடும் என்று, மெல்லிய தூரிகையால் ஒரே இழுப்பில் தண்ணீர் மாதிரி அரக்கு கொடுத்தேன். காய்ந்த பிறகு, அதைத் தொடாமல் இரண்டு விரல் தள்ளி, பென்சிலால் எழுதினேன்: ‘பழுது மட்டும். அடிப்பலகை புதிது. மதுரை.’ அதற்குக் கீழே என் பெயர், தமிழ் வருடம், நாலு இலக்கத்தில் ஆண்டு, நோட்டு எண். இழுப்பறையை உள்ளே தள்ளி உரசுகிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். உரசவில்லை.